மூன்றாவது பெட்டியின் ஜன்னல்

தண்ணீர் லாரிக்காரர் அரை லோடு விட்டுவிட்டு முழு லோடு என்று சொன்னால், சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் அதைக் கண்டுபிடிக்கிற ஒரே ஆள் நான்தான். சம்ப் தொட்டியின் மூடியைத் திறந்து, குச்சியை விட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் அவரைப் போக விடுவேன். பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பேன். கேஸ் சிலிண்டரின் சீலைப் பார்ப்பேன். என் மனைவி எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர் வைத்திருக்கிறாள். வைக்கட்டும். நான் சந்தேகப்பட்டதில் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அப்படிப்பட்ட என் கண் முன்னாலேயே, ஒரு புதன்கிழமை காலையில், யாரோ ஒருவர் என் ரயிலைத் திருடி ஓட்டிக் காட்டினார்.

ரயில் என்றால் கம்ப்யூட்டர் திரையில் ஓடும் ரயில். நாற்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டுக் கம்ப்யூட்டர் என்று ஒன்று இருந்தது. ரப்பர் விசைகள் வைத்த சின்னப் பெட்டி. டிவியில் சொருகி, டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால், ஐந்து நிமிஷம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு ஒரு படமோ விளையாட்டோ காட்டும். அந்தப் பெட்டிகள் மேல் இன்னும் பைத்தியமாக இருக்கும் நாற்பது ஐம்பது பேர் தாம்பரத்தைச் சுற்றி இருக்கிறோம். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதை நடத்துகிறவர் பெரும்பாக்கத்தில் குடியிருக்கும் ஐ.டி. கம்பெனி ஊழியர். நல்ல மனுஷன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனிக் கூடத்தில் பழைய கம்ப்யூட்டர்களின் கண்காட்சி வைப்பதாக இருந்தோம். வாசலில் வைக்கப்போகும் முதல் மேஜையில் என் ரயில். பெரிய டிவி. பக்கத்தில் ஓர் அட்டை: 'தாம்பரம் ரயில்', உருவாக்கியவர் என்று போட்டு என் பெயர். நடத்துகிறவர் அதை அச்சடித்துப் படம் எடுத்துக் குழுவிலும் போட்டிருந்தார். அதை நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று இங்கே சொல்லமாட்டேன். ரிட்டயர் ஆன பிறகு என் பெயர் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெங்கும் அச்சாகவில்லை.

அந்த ரயிலின் கதையை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களை வாங்கி, மாடியில் வைத்து, மூன்று மாதக் கோர்ஸ் நடத்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம். மீட்டர் கேஜ் மின்சார ரயில் கடற்கரைக்குப் போவதும் வருவதுமாக இருக்கும். அந்த ரயிலைத்தான் திரையில் ஓடவிட்டேன். அந்தக் கேசட்டோடு கிண்டியில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனேன். அங்கே அதே மாதிரி மெஷின் இருந்தது. ஓட்டிக் காட்டினேன். அன்றைக்கே வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் அதே கம்பெனி. என் மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்த சைக்கிளிலிருந்து நாங்கள் இருக்கிற வீடு வரை எல்லாம் அந்த ரயில் இழுத்துக்கொண்டு வந்ததுதான்.

புதன்கிழமை காலை காபி டம்ளரோடு போனைத் திறந்தேன். குழுவில் பெயரில்லாத ஒரு நம்பரிலிருந்து ஒரு வீடியோ. முகப்புப் படத்தில் செம்பருத்திப் பூ. வீடியோவுக்குக் கீழே ஒரே ஒரு வரி: 'இதுவும் ஓடுது.'

ஓடியது என் ரயில். அதே ஐந்து பெட்டி, அதே கூரை, அதே முகப்பு விளக்கு. சரி, தாம்பரத்தில் ரயிலைப் பார்த்தவர்கள் லட்சம் பேர், இன்னொருவரும் வரைந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மூன்றாவது பெட்டியின் ஜன்னல் கண் சிமிட்டியது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த மெஷின் திரையில் உள்ள புள்ளிகளை எட்டு எட்டாகத்தான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். எட்டுப் புள்ளிக்கு ஓர் எண். கட்டம் போட்ட நோட்டில் எட்டுக் கட்டங்களை எடுத்துக்கொண்டு, வேண்டியதைக் கறுப்பாக்க வேண்டும். இடது ஓரக் கட்டத்துக்கு மதிப்பு 128, அடுத்ததற்கு 64, பிறகு 32, 16, 8, 4, 2, கடைசிக் கட்டத்துக்கு 1. கறுப்புக் கட்டங்களைக் கூட்டினால் எண் வந்துவிடும். எட்டும் கறுப்பு என்றால் 255, அதாவது வெறும் சுவர். நடுவில் இரண்டு கட்டம் காலி என்றால் 231, அதாவது ஜன்னல். ஒரு ரயிலுக்கு இப்படி நூற்றுக்கணக்கில் எண்கள்.

அதோடு முடியவில்லை. எட்டுப் புள்ளிக்கு ஒரு தாவலாக ரயிலை நகர்த்துவது சுலபம், ஆனால் அது தவளை மாதிரி குதிக்கும். ஒவ்வொரு புள்ளியாக நகர்த்திக் கணக்குப் போட அந்த மெஷினுக்கு வேகம் பற்றாது. அதனால் ஒரே ரயிலை எட்டு முறை வரைந்து வைத்துக்கொள்வது வழக்கம். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு புள்ளி வலப்பக்கம் தள்ளி இருக்கும். எட்டையும் வரிசையாக மாற்றி மாற்றிக் காட்டினால் ரயில் வழுக்கிக்கொண்டு போகும். என்னுடைய எட்டு ரயில்களில் ஐந்தாவதில் ஒரு தப்பு இருந்தது. மூன்றாவது பெட்டியின் ஒரு ஜன்னலுக்கு 231, 231 என்று இருக்க வேண்டிய இடத்தில் 255, 255. ஆகவே ஓடும்போது அந்த ஒரு ஜன்னல் மட்டும் எட்டுப் புள்ளிக்கு ஒருமுறை மூடித் திறக்கும். மழைச் சாரலுக்கு ஒரு அம்மா ஷட்டரை இறக்குகிறாள் என்று என் மகளுக்குச் சின்ன வயதில் கதை சொல்வேன்.

ஒரே மாதிரி ரயிலை இரண்டு பேர் வரையலாம். ஒரே மாதிரி தப்பை இரண்டு பேர் எப்படி ஐயா செய்வார்கள்?

நடத்துகிறவருக்குப் போன் போட்டேன். இரண்டு மாதம் முன்னால் என் கேசட்டிலிருந்து புரோகிராமை லேப்டாப்புக்கு மாற்றிக் கொடுத்தவர் அவர்தான்.

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"சார், சத்தியமா யாருக்கும் கொடுக்கலை சார்."

"அப்புறம் எப்படி வந்துது? பறந்து வந்துதா?"

"அந்த வீடியோவை முழுசா பாத்தீங்களா சார்? உங்களோடது பிளாட்பாரத்துல வந்து நின்னதோட முடிஞ்சிடும். இதுல சிக்னல் பச்சையாகி ரயில் கெளம்பிப் போகுது. உங்ககிட்ட இல்லாதது அவங்ககிட்ட எப்படி சார் இருக்கும்?"

என் கேசட்டின் கடைசிப் பகுதி பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. முன்பகுதியை மட்டும் ஏற்றித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். வீடியோவை மறுபடி முழுக்கப் பார்த்தேன். சிவப்பு பச்சையானது. ரயில் புறப்பட்டது. அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. இருக்காதா பின்னே, திருடியவர் கெட்டிக்காரர், ஒட்டுப் போட்டது தெரியாமல் இரண்டு காட்சி சேர்த்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். குழுவில் எழுதினேன்: 'இது திருட்டு. அசல் என்னிடம் இருக்கிறது. யார் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்துவிடும்.'

குழு தீப்பிடித்துக்கொண்டது. ஆளாளுக்குக் கை தட்டும் பொம்மை, கோபப் பொம்மை. செம்பருத்தியிடமிருந்து சாயங்காலம் வரை சத்தமில்லை. பிறகு எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. செம்பாக்கத்தில் ஒரு முகவரி. 'அசலை எடுத்துக்கொண்டு வாருங்கள் சார். வெள்ளி காலை பத்து மணி.'

"போகாதீங்க," என்றாள் மனைவி. "குரூப்லயே தீத்துக்கோங்க."

"எதுக்கு வீட்டுக்குக் கூப்பிடணும்? எல்லார் முன்னாடியும் பேச பயம். அதான்."

"அவங்களுக்கு பயமா, உங்களுக்கான்னு தெரியலை. நாலு நாளா அந்த அட்டையைப் பத்தியே பேசிக்கிட்டிருக்கீங்க. அது இல்லைன்னா என்ன, சோறு இறங்காதா?"

இறங்காது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை கேசட்டையும் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினேன். செம்பாக்கம் ஏரி வரை வந்துவிட்டோம், தெரு அகப்படவில்லை. பொய் முகவரி என்று அப்போதே தோன்றிவிட்டது.

"இன்னா சார், ஏரியையே சுத்திகினு கீறோம்? அட்ரஸ் கரீட்டா கேட்டுக்கினியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"சரியாத்தான் கொடுத்திருக்காங்க. ஆள்தான் சரியில்லை."

"அப்ப இன்னாத்துக்கு சார் போற?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த சந்தில் திருப்பினார். அங்கேதான் இருந்தது.

நான் எதிர்பார்த்தது முப்பது வயதில் தாடி வைத்த ஆளை. கதவைத் திறந்தது என் வயதுள்ள ஒரு அம்மா. காட்டன் புடவை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"வாங்க. முடி போயிடுச்சு. மத்தபடி அப்படியேதான் இருக்கீங்க."

தெரிந்தவர் மாதிரி பேசி மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்குள் வேறு யாரும் இல்லை. கூடத்தில் ஒரு மேஜை, அதில் கம்ப்யூட்டர், திரையில் என் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய மெஷின் மாதிரியே நடந்துகொள்ளும் மென்பொருள் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது, அதில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் உட்காரவில்லை. "இந்த ஜன்னலைப் பாருங்க," என்றேன். "இது நான் பண்ணின தப்பு. என் தப்பு உங்க புரோகிராம்ல எப்படி வந்துது? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, நான் போயிடறேன்."

"அந்தத் தப்பு எப்படி வந்துதுன்னு நீங்க முதல்ல சொல்லுங்க."

"எப்படின்னா? தப்புதான். களைப்புல வந்திருக்கும்."

"களைப்புல ஒரு எண் தப்பா வரலாம். ரெண்டும் அடுத்தடுத்து 255ன்னு வருமா? ஏன் 255? ஏன் 213ஓ, 132ஓ இல்லை?"

நாற்பது வருஷமாக அந்தத் தப்பைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அது எப்படி வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. "கேள்வி கேக்கறது நான்," என்றேன்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். கணக்கு நோட்டு, கட்டம் போட்டது. பக்கம் பக்கமாகப் பென்சிலில் கறுப்படித்த ரயில்கள். ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே, ஓரத்தில், மையில் எழுதிய எண்.

என் புத்தி எங்கே போகும்? புது நோட்டை டிகாஷனில் நனைத்துப் பழசாக்கலாம் என்று எங்கேயோ படித்திருந்தேன். நோட்டை எடுத்து மோந்து பார்த்தேன். பழைய பேப்பர் வாசனைதான். நடுவில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, துரு தாளுக்குள் இறங்கியிருந்தது. மை ஓரமெல்லாம் பரவியிருந்தது. அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா பாருங்க," என்றார். "நான் கணக்கு டீச்சர். நானும் பசங்க நோட்டை இப்படித்தான் பாப்பேன்."

ஐந்தாவது ரயில் இருந்த பக்கங்களை விரித்தார். இடப்பக்கத்தின் கடைசி வரிசை வெறும் சுவர், எதிரே 255. அதே எண் அடுத்த வரியிலும் வந்தால் அவர் மறுபடி எழுதவில்லை, இரண்டு சின்னக் கோடு போட்டு டிட்டோ என்று விட்டிருந்தார். நோட்டு முழுக்க அப்படித்தான். அடுத்து, எதிரே வலப்பக்கத்தின் மேல் இரண்டு வரிசைகளிலும் ஜன்னல். கட்டங்கள் காலியாகத்தான் இருந்தன. ஆனால் எதிரே எண் இல்லை. இரண்டு டிட்டோ.

"பக்கம் மாறும்போது கவனிக்கலை. கை பழக்கத்துல டிட்டோ போட்டுட்டேன். மேல இருக்கிற எண் 255. அதனால ரெண்டும் 255 ஆயிடுச்சு. படத்துல ஜன்னல் திறந்திருக்கு, எண்ணுல மூடியிருக்கு." விரலை அந்த இடத்தில் வைத்தார். "தப்பு இங்கதான் சார் பொறந்துது. உங்க கேசட்ல இல்லை."

அதற்கும் ஏதாவது பதில் இருக்கும் என்று தேடினேன். அப்போதுதான் எண்களுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு டிக்குகள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒன்று. பக்கத்தின் அடியில், அதே சிவப்புப் பேனாவில், 'இதுவரை அடிச்சாச்சு' என்று எழுதியிருந்தது.

அது என் கையெழுத்து. அதை மாதிரி வேறு யாராலும் எழுத முடியாது, அவ்வளவு கோணல்.

அப்பா! அந்த மாடி அறை அப்படியே வந்து நின்றது. ஒரு மெஷினுக்கு இரண்டு பேர் என்று உட்கார வைப்பார்கள். ஒருவர் எண்களை வாசிக்க வேண்டும், இன்னொருவர் டைப் அடிக்க வேண்டும். நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவன், அதனால் விசைப்பலகை எப்போதும் என் பக்கம். பக்கத்து நாற்காலியில் ஒல்லியாக, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். டூ த்ரீ ஒன், டூ ஃபைவ் ஃபைவ் என்று வாசித்துக்கொண்டே போவாள். வாரக்கணக்கில் வாசித்தாள், வாரக்கணக்கில் அடித்தேன். கேசட் நான் வாங்கியது, ஆகவே என்னிடமே தங்கிவிட்டது. இவ்வளவும் என் விரல்களுக்கு ஞாபகம் இருந்தது. அடித்தது நான்தானே, அப்படியானால் யோசித்ததும் நான்தான் என்று எந்த வருஷத்திலிருந்து நம்ப ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. உலகத்தையே சந்தேகப்பட்டவன், இந்த ஒரு ஆளைப் பற்றி மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மறந்து போச்சுங்க," என்றேன். "வேணும்னு பண்ணலை. நம்புங்க. நிஜமா மறந்து போச்சு."

"நம்பறேன்," என்றார். "உங்களுக்கு மறக்கறது சுலபம். எனக்கு அப்படி இல்லை. கிண்டி கம்பெனிக்கு நீங்க எப்ப போனீங்க?"

"காலைல. முதல் ஆளு."

"நான் மத்தியானம்." நோட்டை மூடினார். "எங்கிட்ட கேசட் இல்லை. இந்த நோட்டை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனேன். விரிச்சு வெச்சு, எட்டு ரயில் எதுக்கு, எப்படி ஓடும்னு ஒவ்வொண்ணா சொன்னேன். அங்க ஒருத்தர் சிரிச்சார். 'காலையில ஒரு பையன் வந்து இதையே ஓட்டிக் காட்டிட்டுப் போனாம்மா. அடுத்தவங்க பண்ணினதைத் திருடிக்கிட்டு வரக்கூடாது, படிச்ச பொண்ணு'ன்னார்."

"எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே," என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று உறைத்தது.

"வந்தேன். இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு வாரம் தினமும் வந்தேன். உங்களுக்கு வேலை கிடைச்சிடுச்சு, இனி வரமாட்டார்னு சொல்லிட்டாங்க. அப்புறம் கம்ப்யூட்டர் பக்கமே போகலை. பி.எட். முடிச்சு ஸ்கூல்ல சேந்துட்டேன். ரிட்டயர் ஆனப்புறம்தான் இந்த குரூப்ல சேந்தேன். குரூப்ல உங்க அட்டையைப் பாத்த அன்னிக்குத்தான் பரண்லேருந்து இதை எடுத்து, நானே உக்காந்து முழுக்க அடிச்சேன். சண்டை போடணும்னு இல்லை. 'இதுவும் ஓடுது'ன்னு மட்டும்தான் போட்டேன். நீங்க என்ன போட்டீங்க?"

நான் என்ன போட்டேன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். போனை எடுத்தேன். 'தாம்பரம் ரயில் தொடர்பாக ஒரு சிறு குழப்பம் ஏற்பட்டுவிட்டது' என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"யாருக்குக் குழப்பம்?"

அழித்தேன். 'இந்த ரயிலை உருவாக்கியவர் புதன்கிழமை வீடியோ போட்ட இவர்தான். நான் டைப் அடித்தவன் மட்டுமே. அட்டையில் இவர் பெயரைப் போடவும்' என்று எழுதிக் காட்டினேன். படித்தார்.

"இதெல்லாம் சரி. புதன்கிழமை என்னைப் பத்தி ஒரு வார்த்தை போட்டீங்களே, அது எங்க? கிண்டிலயும் எனக்கு அதே வார்த்தைதான் கிடைச்சுது. அதைச் சேருங்க. யாருக்குப் பொருந்துமோ அவங்களுக்கு."

நாலு எழுத்து எழுத எனக்கு அத்தனை நேரம் பிடித்தது. 'புதன்கிழமை திருட்டு என்று சொன்னேன். அந்தத் திருட்டைச் செய்தவன் நான். இவர் அல்ல.' அனுப்பினேன். குழுவில் யாரும் ஒன்றும் போடவில்லை. கை தட்டுவதா, திட்டுவதா என்று அவர்களுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

அந்த அம்மா தன் போனை எடுத்து, குழுவைத் திறந்து, அந்தச் செய்தியை மெதுவாக இரண்டு தடவை படித்தார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கப்பாதான் அன்னிக்கு என்னைக் கிண்டிக்குக் கூட்டிட்டுப் போனார்," என்றார். "வெளில பெஞ்சுல உக்காந்திருந்தார். அந்த ஆளு சொன்னது அவருக்கும் கேட்டுது. ரயில்ல வரும்போது, 'யார் நோட்டுமா அது?'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டார். என்னோடதுதான்னு சொன்னேன். அவர் நம்பலை. சாகற வரைக்கும் நம்பலை."